மடிப்புக்குள் தைத்த ஈயம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது தெருவுக்கே தெரியும். என் தங்கை நேரெதிர். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவள் என்று சொந்தக்காரர்கள் மெச்சுவார்கள். சாப்பிட்ட கையோடு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அத்தனையையும் வாந்தியெடுக்கிறாள் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. அக்காவாம் அக்கா!

நாங்கள் திரைச்சீலை தைக்கிற கடை வைத்திருக்கிறோம். வெட்டுவது நான், தைப்பது அவள். ஒருநாள் மெஷின் மேலேயே மயங்கிச் சரிந்தாள். "இன்னும் எடை குறைஞ்சா இதயம் தாங்காது, வார்டுல சேர்த்துடுவோம்" என்றார் டாக்டர். அதிலிருந்து வாராவாரம் மனநல ஆலோசகர் அறையில் எடை பார்ப்பார்கள். அப்புறம் பேச்சு.

"யார் மேலம்மா கோபம்?" என்று கேட்பார் அந்தம்மா.

"யார் மேலயும் இல்லையே" என்பாள் இவள்.

"கோபத்தை முழுங்கிட்டுத்தான் சாப்பாட்டை வெளியே தள்ளுற" என்பார் அவர்.

நாலு வாரமாக எடை ஏறியது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஐந்தாவது வாரம் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். தங்கை எடைக்கருவியில் ஏறினாள். முள் ஏறித்தான் நின்றது. ஆனால் மின்விசிறிக் காற்றில் மேஜைக் காகிதமெல்லாம் படபடக்க, அவள் பாவாடை மட்டும் அசையவே இல்லை. திரைச்சீலை ஆடாமல் தொங்குவதற்குக் கீழ் மடிப்புக்குள் ஈயத் துண்டு வைத்துத் தைப்போம். கடை டப்பாவில் ஈயம் குறைகிறதே என்று போன வாரம்தான் கத்தியிருந்தேன்.

குனிந்து மடிப்பைப் பிடித்தேன். கனத்தது.

"அடிப்பாவி! சாகறதுக்கா இவ்வளவு வேலை பாத்த? உனக்காக நான் நாயா அலையறேன்..."

"நீங்க உட்காருங்கம்மா" என்றார் ஆலோசகர். "அவ பேசட்டும். யார் மேல கோபம்?"

தங்கை என் பக்கம் திரும்பினாள். இப்போதும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் இவளை இழந்துவிடுவேன் என்று பயந்தேன்.

"உன் மேலதான்க்கா! நீ கத்தினா வீடே அடங்கணும். நான் மூஞ்சியச் சுளிச்சா மட்டும் 'உனக்கென்னடி கேடு'ம்ப. பெரிய கடையில எனக்கு வேலை கிடைச்சப்ப, என்னைக் கேக்காமலே 'அவ வரமாட்டா'ன்னு சொல்லி அனுப்பிட்ட. அன்னைக்குத்தான் முதல் தடவையா வாந்தி எடுத்தேன்."

'உன் நல்லதுக்குத்தானடி' என்பது தொண்டைவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு கஷ்டமான வேலையை நான் அதுவரை செய்ததில்லை.

அவளே மேஜைமேல் இருந்த கத்தரிக்கோலை எடுத்து மடிப்பைப் பிரித்தாள். ஈயத் துண்டுகள் தரையில் விழுந்து உருண்டன. மறுபடி ஏறி நின்றாள். ஆலோசகர் முள்ளைப் பார்த்துவிட்டு வார்டுக்குப் போன் செய்தார்.

மறுநாள் மதியம் வார்டில் அவளுக்குச் சாப்பாட்டுத் தட்டு வந்தது. கையில் குளுக்கோஸ் ஊசியோடு என்னை முறைத்தாள்.

"இன்னும் ஏதாவது இருக்காடி?"

"நிறைய இருக்கு."

"சொல்லு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

என்னைத் திட்டித் தீர்த்தாள். நடுநடுவே ஒரு வாய் சாப்பிட்டாள். நான் தட்டைப் பார்க்கவே இல்லை.