டிரம்பெட் கேட்டு எழுந்து நின்றது

அஞ்சாவது வரைதான் படித்தேன். எழுத்து கோணலாக வரும், மறதியும் சேர்ந்துகொண்டது. ஊரில் இருக்கிறவர்களும், என்னைப் போல ஊரைவிட்டு வந்தவர்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே சென்னைப் பக்கம் படப்பையில் பாட்டு முடியும் முன்பே கை தட்டுகிறார்கள். மூடிப்போன ஒரு மெஸ்ஸின் மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் ஜாஸ் கிளப் நடக்கிறது. ஜாஸ் என்றால் வெளிநாட்டு வாத்திய இசை. சம்பளத்துக்கு அங்கே ஆள் கிடையாது. ஒரகடம் கம்பெனிகளில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களே நாற்காலி போட்டு, மைக் கட்டி, கடைசியில் கூட்டியும் விடுகிறார்கள். நான் டம்ளர் கழுவுவேன். முதலில் புது ஆள் வாசிப்பார், பிறகு பேர்பெற்றவர். ஒவ்வொருவர் தனியாக வாசித்து முடித்ததும் தட்ட வேண்டுமாம்.

என் மகன் சேவியர் கம்பெனி லைனில் நிற்கிறவன், டிரம்பெட் வாசிப்பான். கடற்கரையில் எங்கள் ஊரில் அவனும் அவன் அப்பாவும் சாவு ஊர்வல பேண்டில் இருந்தார்கள். சவப்பெட்டியோடு அந்தச் சத்தம் தெருவுக்குள் வந்தால், சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து வாசலில் நிற்போம். பெட்டி திருப்பம் தாண்டிய பிறகுதான் உட்காருவோம். அந்த பேண்டைச் சொல்லியே அவனுக்குப் பெண் தட்டிப்போனது. அதனால், "கிளப்புல, பள்ளிக்கூடத்துல வாசிக்கப் படிச்சதா சொல்லியிருக்கேன். நீங்க ஒண்ணும் சொல்லிராதிய" என்று என்னிடம் சொல்லிவைத்திருந்தான்.

போன சனிக்கிழமை அவனுக்கு முதல் மேடை. பிடித்துப்போனால் மாதாமாதம் கூப்பிடுவார்கள். மற்றவர்களோடு வேகமாக வாசித்துக்கொண்டிருந்தவன், தனியாக வாசிக்கும் முறை வந்ததும் இடறினதுபோல மெதுவாகிவிட்டான். அவன் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனபோது வாசித்த அதே இழுப்பு. நான் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றேன். பக்கத்திலிருந்த, கம்பெனியில் வேலை பார்க்கிற கொரியாக்காரர் என்னைப் பார்த்து அவரும் எழுந்தார். பிறகு எல்லாரும். கைதட்டு, விசில். அந்த இழுப்புக்கு எங்கள் ஊரில் யாரும் விசில் அடித்து நான் கேட்டதில்லை.

நாற்காலி மடிக்கும்போது மைக் பார்க்கிற செல்வி வந்தாள். பென்னலூர்ப் பெண்.

"இன்னா ஆயா, நீ எய்ந்த, ஹாலே எய்ந்துச்சு! இன்னாத்துக்கு மொத ஆளா எய்ந்த, சொல்லு!"

நான் வாயைத் திறக்குமுன் சேவியர் முந்திக்கொண்டான். "அம்மாவுக்கு முட்டி வலி. ரொம்ப நேரம் உக்கார முடியாது."

"அப்ப வாரா வாரம் வலிக்கட்டும் ஆயா!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கும்போதுதான் அவன், "மாசாமாசம் வரச் சொல்லிட்டாங்கம்மா. இனிமே உக்காந்தே கேளுங்க" என்றான்.

"நீ அத வாசிக்காம இரேன்ல."

"நானா வாசிச்சேன்? அதுவா வருது."

இப்போது அவன் உள்ளறையில் ஊதிப் பழகுகிறான். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து பழகுகிறேன். அந்த இழுப்பு வந்ததும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். அப்படியும் உடம்பு பாதி எழுந்துவிடுகிறது.

எழுதியதில் பிசகு இருக்கும். நாம் உட்காருவது பெட்டி எந்தத் திருப்பம் தாண்டின பிறகு, சிலுவை நிற்கிற குருசடித் திருப்பமா, உப்பளத் திருப்பமா? எனக்கு மறந்துவிட்டது. ஊரில் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.