"பானாஸ்! பானாஸ்!" என்று கத்தும் யாசின்

இன்று நான் சந்தித்த ஆள் யார் தெரியுமா? பிரிக்பீல்ட்ஸ் கடையில் உங்களுக்குத் தே தாரேக் என்ற நுரை ததும்பும் டீயைக் கொண்டுவந்து வைக்கும் அதே யாசின்தான்! ஆனால் கடையில் இல்லை. பெட்டாலிங் ஜெயாவின் ஐஸ் ஹாக்கித் திடலில், தலைக்கவசத்தோடு!

யாசின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஃபைனலுக்கு முந்தைய லீக் ஆட்டம்; இரண்டு அணியும் ஏற்கெனவே ஃபைனலுக்குத் தேர்வாகிவிட்டன. கோச் யுகேந்திரன் நேற்றே சொல்லிவிட்டார்: "நாளைக்கும் நீ யாரையும் இடிக்கலன்னா, ஃபைனல்ல உன் இடத்துல வேற ஆளு லா."

'பக்' என்கிற ரப்பர் வட்டைத் தள்ளிக்கொண்டு வருபவனைத் தோளால் இடித்து நிறுத்தலாம். அந்த ஆட்டத்தில் அது தப்பில்லை. தடுப்பாட்டக்காரனான யாசினுக்கு அதுதான் வேலையே. ஆனால் அவன் உடம்பு பழகியது வேறு. மதியக் கூட்டத்தில், தட்டு நிறையச் சூடான கிளாஸ்களோடு, யார்மேலும் படாமல் நெளிந்து போகிற உடம்பு அது. இடிக்கப் பாய்ந்தாலே வாய் தானாகக் கத்திவிடும்: "பானாஸ்! பானாஸ்!" சூடு, வழி விடுங்க என்று கடைக்குள் கத்துகிற அதே சத்தம். எதிராளி சட்டென்று ஒதுங்குவான். யாசின் நேராகப் போய்ச் சுவரில் மோதுவான்.

"ஆள இடிக்கப் போறியா, ரொட்டி சானாய் கொண்டு போறியா?" என்று கோச் கேட்டால் எல்லோரும் விழுந்து சிரிப்பார்கள்.

போன வாரம் யாரும் சிரிக்கவில்லை. எதிரணிக்காரன் ஒருவன் வந்த வேகத்தில் கோல்கீப்பர் தம்புசாமிமேல் ஏறிவிட்டான். மற்றவர்கள் மரம் மாதிரி நின்றார்கள். எழுந்ததும் தம்பு சொன்னான்: "என் முன்னால யாராச்சும் நில்லுங்கடா!" அவன் பார்த்தது யாசினை.

இன்று ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் எதிரணியின் எட்டாம் நம்பர்காரன் பக்கோடு பாய்ந்து வந்தான். ஆள் மலை மாதிரி.

"பானாஸ்!"

"எனக்கு ஒரு தே ஓ, தம்பி!" என்று கடையில் டீ கேட்பதுபோலச் சிரித்துக்கொண்டே வந்தான் அவன். யாசின் விலகுவான் என்று அவனுக்குத் தெரியும். யாசினின் கால்களும் விலகத்தான் பார்த்தன. பின்னால் தம்பு.

கடையில் விலக வழியே இல்லாத நேரமும் வரும். அப்போது தட்டை மறுபக்கம் வைத்துக்கொண்டு, வருகிற இடியைத் தோளில் வாங்கிக்கொள்வான். இப்போதும் தோள் தானாகத் திரும்பியது.

மோதிய சத்தம் மேல்மாடி வரை கேட்டது. எட்டாம் நம்பர்காரன் பனியில் உட்கார்ந்திருந்தான். நடுவர் விசில் ஊதவில்லை. அடுத்த தடவை யாசின் "பானாஸ்!" என்றதும் அவன் பக்கை விட்டுவிட்டு வளைந்தே போனான். அப்புறம் கேட்க வேண்டுமா? அணி முழுக்க அதையே கத்தியது. கோச்சும்தான்!

ஜெயித்த பிறகு யாசின் நேராகக் கோச்சிடம் போனான்.

"கோச், ஃபைனல்ல நான் இருக்கேனா?"

"தம்புவக் கேளு."

"இவன் இல்லன்னா நான் வரல, பாஸ்," என்றான் தம்பு.

யாசின் சிரிக்கவில்லை. ஃபைனலிலும் எதிரே அதே அணிதான். "இனி அந்த எட்டாம் நம்பர் ரெடியா வருவான்லா," என்று தோளைத் தடவிக்கொண்டான்.

சனிக்கிழமை மதியம் ஃபைனல். ஜாக்கெட் எடுத்துக்கொண்டு வாருங்கள், உள்ளே குளிர் கொல்லும். யாசின் பாயும்போது அவன் குரல் நடுங்கினாலும் நடுங்கும். அவனோடு சேர்ந்து நீங்களும் கத்துங்கள்!