பூட்டு என்று எழுதிய ஞாயிறுகள்

எங்கள் சேமிப்புக் குழுவின் நோட்டில் ஐந்து கட்டங்கள் உண்டு. வீட்டு எண், பெயர், தொகை, கையெழுத்து, குறிப்பு. கோடுகளை அடித்தது நான். என் தையல் கடையில் துணிக்கு வைக்கும் மர ஸ்கேலால் அடித்தேன், ஒன்றுகூடக் கோணாது. கடைசிக் கட்டம் வேண்டாம் என்று குழுவின் தலைவி அப்போதே சொன்னார்.

"குறிப்புன்னு எழுத இன்னா இருக்குது டைலரம்மா? குடுத்தா உண்டு, குடுக்கலன்னா இல்ல. அவ்ளோதான்."

நான் கேட்கவில்லை. நடந்த எதுவும் எழுத்தில் விட்டுப்போகக் கூடாது என்பது என் சுபாவம். உரக்கடையில் இலவசமாகக் கொடுக்கும் டைரியில் பல வருடமாக எழுதிவருகிறேன். காலையில் தண்ணீர் பிடித்துவைத்துவிட்டு, கடை திறப்பதற்கு முன் முந்தின நாளை எழுதி முடித்துவிடுவேன். அதே பழக்கத்தில் நோட்டிலும் ஐந்தாவது கட்டத்தை வைத்தேன்.

நாங்கள் அப்போது இருந்தது கள்ளக்குறிச்சியில் அரிசி ஆலைகளுக்குப் பின்னால், ஏரிக்குப் போகும் வாய்க்காலின் கரையில். முப்பத்து நான்கு வீடுகள். வாய்க்கால் கரையில் யாருக்கும் பட்டா கிடையாது. கார்த்திகையில் தண்ணீர் வீட்டுக்குள் வரும். உமி மிதந்துவந்து அடுப்பில் படியும். ஒவ்வொரு வருடமும் இடித்துவிடுவார்கள் என்ற பேச்சு இருந்தது. பிறகு ஒருநாள் அது பேச்சாக இல்லாமல் நோட்டீஸாக வந்தது. கரையில் குடியிருப்பவர்களுக்கு ஊருக்கு வெளியே, சங்கராபுரம் சாலைப் பக்கம், ஆளுக்கு இரண்டு சென்ட் மனை தருவார்கள், ஆனால் இங்கேயே தொடர்ந்து குடியிருந்ததற்குச் சான்று வேண்டும் என்றார்கள். என்றாவது எங்காவது மனை கிடைத்தால் அஸ்திவாரமாவது எழுப்ப வேண்டும் என்றுதான் நாங்கள் அதற்கு முன்பிருந்தே வாராவாரம் சேர்த்துவந்தோம்.

வசூலுக்கு ஒரு விதி இருந்தது. ஞாயிறு மாலை நான் வீடு வீடாகப் போவேன். அவரவர் வாசலில்தான் பணம் கொடுக்க வேண்டும், அங்கேயே எழுத வேண்டும். கடையில் வந்து கொடுத்தால் வாங்கக் கூடாது, குழாயடியில் கொடுத்தால் வாங்கக் கூடாது. முன்பு ஒருத்தி குழாயடியில் சீட்டுப் பணம் வாங்கிவிட்டு, வாங்கவே இல்லை என்று சாதித்ததால் வந்த விதி அது. வீட்டில் புருஷன் கொடுக்கலாம், மாமியார் கொடுக்கலாம், பள்ளிக்கூடம் போகும் மகள் கொடுக்கலாம். எவர் கை கொடுத்தாலும் வீடு கொடுத்ததாகக் கணக்கு. கதவு பூட்டியிருந்தால் குறிப்பில் 'பூட்டு' என்று எழுதிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவேன்.

அந்தச் சொல்லை அதிகம் எழுதியது பதினேழாம் வீட்டுக்கு. கல்வராயன் மலையிலிருந்து புருஷனோடு இறங்கிவந்தவள் அவள். அவர் இறந்து பல வருடம் ஆகிறது. பிள்ளை இல்லை. கரும்பு வெட்டும் கூட்டத்தோடு போவாள். வடக்கனந்தல் பக்கம் ஒரு கரும்புக் கொல்லையில் வெட்டு ஆரம்பித்தால் அங்கேயே கொட்டகை போட்டுத் தங்கி, அடுத்த கொல்லை, அதற்கடுத்த கொல்லை என்று போய்க்கொண்டே இருப்பார்கள். திரும்பிவந்ததும் கை கால்கூடக் கழுவாமல், கரும்புச் சோகை கிழித்த கையோடு, நிலுவை முழுவதையும் முடிச்சிலிருந்து அவிழ்த்துக்கொண்டு என் கடைக்கு வந்து நிற்பாள். ஞாயிற்றுக்கிழமை வாசலுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்பேன்.

"வூட்டாண்ட வந்து வாங்கினாத்தான் இந்தக் காசு செல்லுமாக்கா?" என்று சிரிப்பாள்.

சான்று கேட்டபோது எங்களில் பாதிப் பேரிடம் சரியான காகிதம் இல்லை. தலைவி எங்கள் நோட்டைக் கொண்டுபோய் தாலுகா ஆபீஸ் அதிகாரியின் மேஜையில் வைத்தார். வாராவாரம் அவரவர் வாசலில் எழுதியது, இதைவிட என்ன சான்று வேண்டும் என்று கேட்டார். அதிகாரி பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார்.

"யாரும்மா எழுதினது? இவ்ளோ சுத்தமா எங்க ஆபீஸ்லயே நோட்டு இல்லம்மா."

முழு நோட்டையும் நகல் எடுத்துக்கொண்டார். அவர் சொன்னதை அப்படியே டைரியில் எழுதினேன். எழுதியபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது படிக்கக் கூச்சமாக இருக்கிறது.

மூன்று வாரம் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். முப்பத்து மூன்று பெயர்கள். பதினேழாம் வீடு இல்லை. காரணம், தொடர்ந்து குடியிருக்கவில்லை. தலைவி போய்ச் சண்டை போட்டிருக்கிறார். அதிகாரி நகலைத் திருப்பிக் காட்டி, "நான் சொல்லலம்மா, உங்க நோட்டு சொல்லுது" என்றிருக்கிறார்.

தகவல் போய், பதினேழாம் வீட்டுக்காரி வெட்டுக் கத்தியோடு கொல்லையிலிருந்து நேராக வந்தாள். கத்தியைக் கடை வாசலில் வைத்துவிட்டு நோட்டைப் பார்க்க வேண்டும் என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"இதுல எது நானு?"

விரலை வைத்துக் காட்டினேன்.

"இது இன்னா எழுத்து?"

"பூட்டு."

"எத்தினி வாட்டி இருக்குது?"

எண்ணினேன். ஒரே வரிசையாகப் பதினொரு ஞாயிறு.

அவள் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பூட்டாம போயிருந்தா ஒரு சட்டியாவது மிஞ்சுமாக்கா? என் வூடுன்னுதான பூட்டிக்கினு போனன்?"

அவளுக்கு மலையில் போய் நிற்க இடம் இல்லை. புருஷனின் தம்பிகள் கதவைத் திறக்கமாட்டார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கரை வீடுகளை இடித்தால் கரும்புக் கொல்லைக் கொட்டகைதான் அவள் வீடு. புது இடத்தில் யார் மனையிலாவது ஒரு ஓரம் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு போனாள்.

புது நோட்டு வாங்கி எல்லாவற்றையும் 'பூட்டு' இல்லாமல் திரும்ப எழுதிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். நகல் அதிகாரியிடம் இருக்கிறதே என்றேன். பொய் எழுதமாட்டேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அன்று எனக்கு வாயில் வந்தது நகல்தான். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அவள் உண்மையில் எத்தனை நாள் ஊரில் இருந்தாள் என்று கணக்கெடுக்க மறுநாள் காலை டைரியைப் பிரித்தேன். அவளைத் தேடப் போய் மற்றவர்களைப் பார்த்தேன். ஒன்பதாம் வீட்டுக்காரி ரப்பர்த் தோட்டத்து வேலைக்குக் கேரளா போய் நான்கு மாதம் கழித்து வந்திருக்கிறாள். நான்காம் வீட்டில் மாமியாரை விட்டுவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் செங்கல் சூளைக்குப் போய்ப் பொங்கலுக்குத்தான் திரும்பியிருக்கிறார்கள். இப்படி வீட்டுக்கு வீடு. கடைசியில் என் கையெழுத்திலேயே என்னைப் பற்றி: மகள் பிரசவத்துக்குத் தியாகதுருகத்தில் நாற்பத்தொரு நாள். அந்த ஞாயிறுகளில் தலைவி வசூலுக்குப் போக, என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பணம் கொடுத்திருக்கிறார். நோட்டில் என் வரிசை சுத்தமாக இருக்கிறது. கொடுக்க வீட்டில் இன்னொரு கை இருந்தவர்கள் எல்லோரும் நோட்டில் ஊரிலேயே இருந்தார்கள். பதினேழாம் வீட்டுக்கு அந்தக் கை இல்லை.

அடுத்த ஞாயிறு தலைவியின் இட்லிக் கடையில் குழு கூடியபோது டைரியைக் கொண்டுபோனேன். இதை அதிகாரியிடம் காட்டினால் அவளுக்கு மட்டும் ஒரு நியாயமா என்று கேட்கலாம், ஆனால் எல்லோர் மனையும் நின்றுபோகலாம் என்று சொன்னேன். என்னுடைய நாற்பத்தொரு நாளை முதலில் படித்தேன். அதன் பிறகு ஒன்பதாம் வீட்டை ஆரம்பித்ததுமே அவள் எழுந்துவிட்டாள்.

"எங்க வூட்டுக் கதைய எதுக்குக்கா எழுதி வச்சிக்கினு இருக்கிற? நீ இன்னா டைலரா, போலீசா?"

"அவ அளவெடுக்காத ஆளே இல்லடி. இடுப்போட வுட்டாளேன்னு சந்தோஷப்படு," என்றார் தலைவி.

ஒரு நிமிடம் சிரித்தார்கள். ஒன்பதாம் வீட்டுக்காரி சிரிக்கவில்லை. அவள் புருஷனுக்கு மூச்சுத் தொந்தரவு. ஈரத் தரையில் படுக்கவிடாதீர்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மனைக்கு மற்றவர்களைவிட அவளுக்கு அவசரம் இருந்தது.

அப்போது வாசலோரம் உட்கார்ந்திருந்த பதினேழாம் வீட்டுக்காரி சொன்னாள்: "வேணாம்க்கா. என் ஒருத்தியால யாருக்கும் வராம பூடக் கூடாது. அத்த மூடி வையி."

ஒன்பதாம் வீட்டுக்காரிதான் திரும்பவும் பேசினாள். என்னைப் பார்த்தே பேசினாள்.

"நீ போன, பேரனப் பாக்கப் போன. நானும் அவளும் சோத்துக்குப் போனோம். ரெண்டும் ஒண்ணு இல்ல. போயி சொல்றதுன்னா அந்த ஆளாண்ட அத்தயும் சேத்துச் சொல்லு. பாதி சொல்லிக்கினு வராத."

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். நான்கு வீடுகள் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்களைப் பற்றிய பக்கங்களைக் குண்டூசியால் சேர்த்துக் குத்தினேன். மற்றவற்றை அதிகாரியின் முன்னால் நின்றுகொண்டே படித்தேன். சோற்றுக்குப் போனதையும் பேரனைப் பார்க்கப் போனதையும் தனித்தனியாகச் சொன்னேன். அவர் கையை நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, முடிஞ்ச வேலையக் கொண்டாந்து கலைக்கிறீங்களே. இப்ப எல்லாரையும் திரும்ப விசாரிக்கணுமே."

விசாரித்தார்கள். பட்டியல் நின்றுபோனது. அந்த மழைக்காலத்தையும் நாங்கள் வாய்க்கால் கரையிலேயே கழித்தோம். தண்ணீர் முழங்கால் அளவு வந்தது. நான்கு நாள் வீடுகளை விட்டுப் பள்ளிக்கூடத்தில் படுத்திருந்தோம். தரை காய்வதற்குள் ஒன்பதாம் வீட்டுக்காரியின் புருஷன் இறந்துபோனார். மூச்சுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சில நாள் கழித்து, குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "நீ அத்தப் படிக்காம இருந்திருந்தா அவரு புது வூட்டுத் தரையில செத்திருப்பாரு." கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் நிறைந்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் காலை ஒரு சொல் மாறாமல் டைரியில் எழுதினேன். அதற்குக் கீழே என் பதிலாக எதுவும் எழுதவில்லை. இன்றுவரை அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.

மாசியில் புதுப் பட்டியல் வந்தது. முப்பத்து நான்கு பெயர்கள். வேலைக்கு வெளியூர் போய்வருவதைக் குடிபெயர்ந்ததாகக் கொள்ளவில்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. பதினேழாம் வீட்டுக்காரி பட்டாவை வாங்கியதும் என்னிடம்தான் கொண்டுவந்தாள். தன் பெயர் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னாள். அந்த இடத்தில் பெருவிரலை வைத்துக்கொண்டே வீடுவரை போனாள்.

இப்போது புது இடத்தில் இருக்கிறோம். கூரை போட இன்னும் சேர்க்க வேண்டியிருப்பதால் வசூல் தொடர்கிறது. எண்கள் மாறிவிட்டன என்றாலும் எங்களுக்குள் பழைய எண்கள்தான். கரும்பு வெட்டுக்குப் புறப்படுமுன் பதினேழாம் வீட்டுக்காரி என்னிடம் சாவியையும் எட்டு வாரப் பணத்தையும் கொடுத்தாள்.

"ஞாயித்துக்கெழம தெறந்துக்கோ. வாசல்ல நின்னு நீயே குடு, நீயே வாங்கிக்கோ. மறுபடியும் அந்த எழுத்த எழுதின, வந்து கத்தியாலயே வெட்டுவன்."

அப்படியே செய்கிறேன். விதி உடைந்துவிட்டது என்று தலைவி கிண்டல் செய்கிறார்.

போன ஞாயிறு அவள் வீட்டைத் திறந்து, எழுதி, மூடிவிட்டு ஒன்பதாம் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. தையில் வருவேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு அவள் கேரளா போய்விட்டாள். வாசலில் நின்று பணம் கொடுக்க அங்கே இப்போது யாரும் இல்லை. என்னிடம் சாவி கொடுக்கவில்லை. கொடுப்பாள் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. பூட்டைப் பிடித்துப் பார்த்தேன், நன்றாகப் பூட்டியிருந்தது. குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்: கேரளா, ரப்பர்த் தோட்டம், கூலி வேலை. தையில் திரும்புவார். வீடு பத்திரமாக இருக்கிறது.

எழுத்து கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. அடுத்த நோட்டில் அந்தக் கட்டத்தை அகலமாகப் போட வேண்டும்.