எட்டரை என்று பெயர் வைத்தோம்

என் அக்காவுக்கு அபார ஞாபகசக்தி. நாங்கள் இருவரும் சேர்ந்து பார்த்துவந்த எட்டரை மணி நாடகத்தில், கதாநாயகி நிச்சயதார்த்தத்தன்று என்ன நிறப் புடவை கட்டியிருந்தாள் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வாள். யாருடைய ஜாக்கெட்டை என்றைக்குத் தருவதாகச் சொன்னோம் என்பது மட்டும் அவள் தலையில் நிற்காது. திருவரங்குளத்தில் தையல் கடை வைத்திருப்பவளுக்கு இந்தக் கொடுப்பினை தேவையா?

போன வைகாசியில் ஒரு கல்யாணப் பெண்ணின் முகூர்த்த ஜாக்கெட் கொக்கிகூட வைக்காமல் கிடந்தது. பெண்ணின் அம்மா கடை வாசலில் நின்று பேசிய பேச்சில் அக்கா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "கடையை மூடிட்டுப் போறேன். எனக்கு இது ஒத்து வரல" என்றாள். பதினெட்டு வயதிலிருந்து அவள் மிதித்த மெஷின் அது.

நான் வீட்டிலிருந்தே ஒரு மென்பொருள் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவள். கடைக்கென்று ஒரு சின்னச் செயலி செய்து தருகிறேன் என்றேன். "போன்ல தட்டிக்கிட்டு இருக்கவெல்லாம் எனக்குப் பொறுமை கெடையாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அளவு நோட்டின் கதியும் அதுதான். எழுதுவாள், மறுபடி திறந்து பார்க்கமாட்டாள்.

ஆனால் ஆபீஸ் மீட்டிங்கில் நான் நாடகத்தைத் தவறவிட்ட நாளில் அவள் கதை சொல்லிக் கேட்க வேண்டுமே! நேற்று எங்கே நின்றது என்று ஆரம்பித்து, நாளைக்கு என்ன ஆகும் என்பதில் முடிப்பாள். செயலியையும் அப்படியே செய்தேன். திறந்ததும் 'நேற்று வரை' என்று வரும். யார் துணி எந்த நிலையில் இருக்கிறது என்று அதில் தெரியும். கீழே 'நாளை', யார் வந்து கேட்பார்கள் என்று சொல்லும். தட்டவே வேண்டாம். வாயால் சொன்னால் போதும், பிரித்து வைத்துக்கொள்ளும். பெயருக்கு நான் யோசிக்கவே இல்லை. எட்டரை.

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "ஏன் ஆத்தா, நம்ம வீட்டுல ஏழரைச் சனியே இன்னும் போன பாடில்ல. இதுல எட்டரை வேறயா? ஒரு சாமி பேரா வைங்க."

"ஏழரை முடிஞ்சாத்தானப்பா எட்டரை வரும்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். கடையை மூடுகிறேன் என்ற பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். எனக்கு எழுந்து குதிக்கலாம்போல இருந்தது.

அதன்பின் தினமும் நாடகம் முடிந்த கையோடு எட்டரையைத் திறப்பாள். "அந்தப் பச்சைப் பட்டு டீச்சருக்குக் கை மட்டும் பாக்கி. பாவம், வியாழக்கெழமை வளைகாப்பு" என்று போனிடம் அங்கலாய்ப்பாள். ஆவணி முகூர்த்தங்களில் ஒரு துணிகூடத் தவறவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் "இருங்க, எட்டரையில பாத்துச் சொல்றேன்" என்பாள். அவர்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை நாடகம் முடிந்தே போனது. எல்லாரும் ஒன்றுகூடிச் சிரித்து, சுபம் போட்டுவிட்டார்கள். நாடகம் போனால் போகட்டும், அதைப் பார்த்த சூட்டில் திறந்துகொண்டிருந்த செயலியும் சேர்ந்து போய்விடுமோ என்று எனக்கு ஒரே பதைப்பு. திங்கட்கிழமை எட்டரைக்கு டிவியில் யாரோ ஒரு புதுப் பெண் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா ரிமோட்டை எடுத்து அணைத்துவிட்டாள். எனக்குத் திக்கென்றது.

அவள் போனை எடுத்தாள்.

"நாளைக்கு யாரு வர்றாங்கன்னு பாரு" என்று என் பக்கம் நீட்டினாள். வைகாசியில் வாசலில் நின்று பேசிய அதே அம்மா. இரண்டாவது மகளுக்குக் கல்யாணமாம். ஐந்து ஜாக்கெட். ஐந்தும் முடிந்து, கொக்கி வைத்து, இஸ்திரி போட்டாயிற்று.

"எப்ப குடுத்துட்டுப் போனாங்க? எங்கிட்ட நீ சொல்லவே இல்லையேக்கா?"

"எட்டரைகிட்ட சொன்னேன்ல" என்றாள்.