ரேடியோமேல் காய்ந்த உப்பு

பழைய வால்வு ரேடியோவுக்கு இப்போது மறுபடி மவுசு வந்திருக்கிறதாம். ஏரிக்கரைக் கடை ஒன்றில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். சுற்றுலா வந்த பிள்ளைகள் அதன் நாதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு நிற்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டு ரேடியோவுக்கு அந்த மவுசு எண்பதுகளிலேயே வந்துவிட்டது. காரணம் நாதம் இல்லை, உப்பு.

இலங்கைத் தோட்டத்திலிருந்து எங்களைத் திருப்பி அனுப்பியபோது, என் அப்பா அந்த ரேடியோவைக் கப்பல் பயணம் முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். இந்த மலையில், அட்டுவம்பட்டியில் எனக்குக் கல்யாணமானபோது சீராகக் கொடுத்தது அது ஒன்றுதான். அடுத்த வருஷம் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஜீப் ஓட்டிய என் வீட்டுக்காரருக்கு அதைக் கண்டாலே இளக்காரம். சுவிட்சைப் போட்டால் வால்வு சூடேறி வாய் திறக்க ஒரு நிமிடம் ஆகும். "ஒங்கப்பா தொண்டையச் செருமுறாரு பாரு" என்பார். அணைக்கச் சொல்வதும் "ஒங்கப்பாவத் தூங்கச் சொல்லு"தான். எனக்குச் சுருக்கென்றிருக்கும். காட்டிக்கொள்ள மாட்டேன்.

ஒருநாள் ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன்னோடு வந்து இறங்கினார். "இனி இந்தப் பொட்டி எதுக்கு எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்கு? பாத்திரக்காரர்கிட்டச் சொல்லிட்டேன், வந்தா இதப் போட்டுட்டு ஒரு எவர்சில்வர் கொடம் வாங்கிக்க."

அப்பா நினைவுக்கென்று இருந்தது அது மட்டும்தான். அழுது கேட்டால் கேலிதான் மிஞ்சும்.

"அவரு வர்ற வரைக்கும் அடுப்படியில கெடக்கட்டுங்க" என்றேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. உப்பு நீராய்க் கசிந்தது, தீப்பெட்டி நமுத்துப்போனது. சட்டென்று வால்வுச் சூடு ஞாபகம் வந்தது. இரண்டையும் தட்டில் போட்டு ரேடியோ தலையில் வைத்துச் சுவிட்சைத் தட்டினேன். மத்தியானத்துக்குள் உப்பு பொலபொலவென்று உதிர்ந்தது.

தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. "அக்கா, ரேடியோ போட்டிருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டு அப்பளம், பள்ளிக்கூட சாக்ஸ், குழந்தைத் தொப்பி எல்லாம் வர ஆரம்பித்தன. பாட்டுக் கேட்க ஒருத்தர் வரவில்லை. யாருக்கு எப்போது இடம் என்று நான்தான் முடிவு செய்வேன். அந்தப் பதவி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

குளிரில் டூ-இன்-ஒன்னுக்கும் ஜன்னி கண்டது. பாட்டு இழுத்து இழுத்து அழுதது. ஒரு காலையில் பார்த்தால், என் வீட்டுக்காரர் பக்கத்து வீட்டு அப்பளத்தை ஓரம் தள்ளிவிட்டு, டூ-இன்-ஒன்னை ரேடியோவின் தலையில் ஏற்றிக் குளிர்காய வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கூரையை ஆராய்ந்தார். நான் அப்பளத்தை எடுத்து அடுப்போரம் வைத்தேன்.

மழை விட்ட மறுவாரம் பாத்திரக்காரர் குடத்தோடு வாசலில் நின்றார். நான் அடுப்படி வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரர்தான் எழுந்து போனார்.

"பழைய ரேடியோ இருக்குன்னீங்களே, வெரசா எடுங்க."

"ரேடியோவா? உள்ள எங்க மாமனாருல்ல இருக்காரு. மாமனாரப் போட்டு யாராச்சும் கொடம் வாங்குவாங்களா? வேற வீட்டப் பாருங்க."

மாமனார் என்று அவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். அடுப்படிக்குப் போய், காய வைக்க ஒன்றும் இல்லாமலே சுவிட்சைப் போட்டேன்.