வி.ஏ.ஓ. சார் ஓட்டுக் கேட்ட நாட்கள்

"...அந்தப் பேர மைக்ல கூப்ட்டீங்க பாருங்க, அதக் கேட்டுட்டு எங்க அத்த உள்ள ஓடுது சார். ‘யாரோ கூப்டறாங்க, எழுந்து போய் இன்னான்னு கேளு’ன்னு காலிக் கட்டிலப் பாத்துச் சொல்லுது. நா இன்னா பண்ணட்டும்?"

பிரசாரத்தின் கடைசி நாள் மாலை, ஏரிக்கரைத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் நின்று அந்த வீட்டு மருமகள் இதைச் சொன்னாள். அவள் எதிரில் நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர், ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்ற வேட்பாளர். கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊருக்கு வி.ஏ.ஓ. சார். இன்னொருவன் நான். நாங்கள் கூப்பிட்டது அவளுடைய மாமனார் பெயரை. அவர் இறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது, காரியம்கூட முடியவில்லை. பட்டியல் சாருடையது என்றாலும் கூப்பிட்ட வாய் என்னுடையது.

எனக்குச் செஞ்சி கடைத்தெருவில் மைக் செட் கடை. படிப்பு ஒன்பதாவதோடு சரி. காதுகுத்தல், கோயில் திருவிழா, தேர்தல் என்று ஆட்டோவின் முன்சீட்டில் உட்கார்ந்து பேசியே பேசக் கற்றுக்கொண்டவன். ஊர் ஊராகப் போவதில் எனக்குக் கிடைக்கும் உண்மையான வரும்படி ஜனங்கள் பேசுவதைக் கேட்பதுதான். ஒருத்தர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவது நமக்கு நாலு நாள் ஓடும். சாரைப் பற்றி, கடலைக்கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னதை இன்னும் நான் மறக்கவில்லை: "அவுரு நம்மளப் பாக்கலடி. நமக்குப் பின்னாடி கீற நெலத்தப் பாக்கறாரு."

அது உண்மைதான். தொண்டூர்ப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சிற்றூரில் பிறந்தவர் என்றாலும் முப்பது வருஷம் வேறு வேறு தாலுகாக்களில் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் ஊருக்குத் திரும்பியிருந்தார். யாரிடமும் கை நீட்டாதவர் என்பதை அவருக்கு எதிராக நின்றவரே மேடையில் ஒத்துக்கொண்டார். வந்த கையோடு ஊரின் பழைய புலப்படத்துக்கு நகல் வாங்கி, எந்தச் சர்வே எண்ணில் யார் என்று மனப்பாடம் செய்துவிட்டார். அந்தப் படத்தில்தான் அவர் தேர்தலில் நின்றதற்கான காரணமும் இருந்தது. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய் படத்தில் தெளிவாக ஓடியது. தரையில் அந்த இடத்தில் வேர்க்கடலை விளைந்தது. தலைவராக உட்கார்ந்தால் அதை மீட்டுவிடலாம் என்று நம்பினார். "இந்த ஒரு தரம்தாம்பா. அடுத்த எலெக்‌ஷனுக்கு என் ஒடம்புல தெம்பு இருக்காது," என்று முதல்நாளே என்னிடம் சொன்னார்.

ஆனால் ஓட்டுக் கேட்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் இருந்தது. வாக்காளர் பட்டியலை நகலெடுத்து, தெருத்தெருவாக நாலு நிற மையால் குறித்து என்னிடம் கொடுத்தார். வீட்டுக்கு வீடு ஆட்டோ நிற்க வேண்டும். பட்டியலில் உள்ளபடி முழுப்பெயரைச் சொல்லி நான் அழைக்க வேண்டும். பெயர் சொல்லி அழைப்பதுதான் மரியாதை என்றார். முப்பது வருஷம் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு அது நியாயமாகத்தான் பட்டிருக்கும். அலுவலகத்தில் பெயரைக் கூப்பிட்டால் எவ்வளவு சந்தோஷமாக எழுந்து வருவார்கள்! வாசலுக்கு வந்து கூப்பிட்டபோதோ எல்லோரும் மிரண்டார்கள். வெளியே வந்தவரை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "நீங்க நூத்திப் பன்னெண்டுல மூணு, கூட்டுப் பட்டா, இல்லையா?" என்பார் சார். ஒரு பெரியவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நேராகவே கேட்டார்: "ஓட்டுக் கேக்க வந்தியா சார், ஜப்திக்கு வந்தியா?" ஆட்டோ ஓட்டியவன் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து சிரித்தான். சார் சிரிக்கவில்லை. பெரியவரிடம் ஜப்திக்கான நடைமுறையை விளக்கினார்.

எதிரில் நின்றவர் பந்தல் காண்டிராக்டர். கால்வாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். "இன்னா சின்னம்மா, முட்டி வலி தேவலையா? மாத்தர சாப்ட்டியா இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே கீழே உட்கார்ந்துவிடுவார். பஸ் நிற்பதில்லை என்று சொன்னால் "நா பாத்துக்கறேன் வுடு" என்பார். அதே பஸ்ஸைப் பற்றிச் சாரிடம் கேட்டவர்களுக்கு, "அது ஊராட்சி அதிகாரத்துல வராதும்மா" என்ற பதில்தான் கிடைத்தது. ஒருநாள் டீ குடிக்கும்போது, "பாக்கலாம்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா சார்?" என்று கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "முடியாததப் பாக்கலாம்னு சொல்லிட்டா, நம்பிக் காத்துக்கினு இருப்பாங்களேப்பா."

கடைசி நாள் மிச்சமிருந்தது ஏரிக்கரைத் தெரு. ஊரிலேயே ஓட்டு அதிகமுள்ள தெரு. அது கைவிட்டால் ஜெயிக்க வழியில்லை என்று சாருக்குத் தெரியும். ஐந்து மணிக்குப் பிரசாரம் முடிகிறது. அவசரத்தில் நான் வீட்டுக்கு வீடு நிறுத்தாமல் பெயர்களை வேகமாகப் படித்துக்கொண்டே போனேன். ஒரு பெயரைச் சொல்லி, "உங்கள் பொன்னான வாக்குகளை" என்று இழுத்தபோது குழாயடியில் பேச்சு நின்றது. சரி, கேட்கிறார்கள் என்று இன்னும் கணீரென்று இரண்டாம் முறையும் அழைத்தேன். யாரோ ஓடிவந்து ஒலிபெருக்கியின் ஒயரைப் பிடுங்கினார். அப்புறம்தான் அந்த மருமகள் வெளியே வந்தாள்.

சார் தேர்தலில் தோற்றார். காண்டிராக்டர்தான் தலைவர். கால்வாயில் இந்தப் போகமும் கடலை போட்டிருக்கிறார்கள். போன வாரம் அந்த வழியாகப் போனபோது சார் வீட்டு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஏழெட்டுப் பேர் காகிதங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். சார் ஒவ்வொருவருக்கும் மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஓட்டுப் போடாதவர்கள்தான் எல்லோரும். அதில் தெரிந்த ஒருவரைத் தனியே கூப்பிட்டு, இவ்வளவு நம்புகிறவருக்கு ஏன் ஓட்டுப் போடவில்லை என்று கேட்டேன். "மனு எழுத அவுரு வேணும்பா. கஷ்டம்னு போய் அழ வேற ஆளு வேணும்ல?" என்றார்.

அன்று அந்த வாசலில் மருமகள் கேட்டதும் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "சாவுக்கு நானே மாலையோட வந்தேனேம்மா. மேஸ்திரின்னுதான் எனக்குத் தெரியும்," என்றார். ஊரே அந்த மனிதரை மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டது. சொந்த நிலமில்லாதவர் என்பதால் சாரின் மனப்பாடத்திலும் அவர் இல்லை, பட்டியலில் இருந்த பெயர் அவருடையதுதான் என்று சாருக்குத் தோன்றவே இல்லை.

அவள் முகம் கொஞ்சம் இளகியது. "தெரியாமதான் கூப்ட்டீங்க, சரி. அந்தப் பேர அடிச்சிடுங்க சார். உங்க கையால அடிங்க. தப்பா கூப்ட்டுட்டாங்க, அடிச்சிட்டாங்கன்னு போய் அத்தகிட்ட சொல்லிக்கறேன்."

தெரு முழுக்க வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு கோடுதான் போட வேண்டும், தப்பித்தோம் என்று நினைத்தேன். சாரின் கை சட்டைப்பையில் இருந்த பேனாவுக்குப் போனது. எடுத்தும்விட்டார். அப்புறம் அப்படியே நின்றார்.

"நான் அடிக்கக் கூடாதும்மா. பேர நீக்கறதுக்கு ஏழாம் படிவம் எழுதி, இறப்புச் சான்று வெச்சிக் குடுக்கணும். நானே எழுதித் தரேன்," என்றார். குரலில் துளி அதிகாரமில்லை. உதவி செய்கிறோம் என்றே மனதார நினைத்துச் சொன்னார்.

"அது நீங்க நகலெடுத்த உங்க வூட்டுக் காயிதம்தானே சார்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "வா, போலாம்," என்றது இன்னொன்று. கூட்டம் கலைய ஆரம்பித்தது.

அவள் கோபப்படவில்லை. கையை நீட்டினாள். பார்க்கத்தான் கேட்கிறாள் என்று பட்டியலைக் கொடுத்தார். மறுபடி நீட்டினாள். பேனாவையும் கொடுத்தார். பட்டியலைக் கதவு நிலையின் மேல் வைத்து, விரலால் வரிவரியாகத் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்திக் கோடு போட்டாள். மரம் சொரசொரப்பாக இருந்ததால் முனை காகிதத்தைக் குத்திக்கொண்டு போனது. கிழிந்த இடத்தை விரலால் நீவிச் சரிசெய்து, அதன்மேல் இன்னொரு கோடு நிதானமாக இழுத்தாள். பேனாவை மூடிப் பட்டியலோடு சேர்த்துச் சாரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய், சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.