பனிக்கட்டி மேல் பட்டுப்புடவை

மாண்ட்ரியலுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நான் ஊருக்கு அனுப்பியதெல்லாம் கோட்டுப் படங்கள்தான். கம்பளிக் குல்லாய், கழுத்தைச் சுற்றி ஒரு துணி, நடுவில் என் மூக்கு. அம்மா பதில் எழுதினாள்: "மூட்டையின் படம் கிடைத்தது. என் மகளின் படம் எப்போது வரும்?" விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். நான் கண்காணாத தேசத்தில் கேட்பாரில்லாமல் தேய்ந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்து நினைத்து அவளுக்குத் தூக்கமே போய்விட்டதாம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஏப்ரலில், நகரத்தின் ஓரத்தில் லஷீன் பக்கம் ஏரியின் பனி உடைந்து மலை மலையாகக் கரையேறிக் கிடக்கிறது என்று கணவர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு வந்தார். உடனே எனக்குப் பொறி தட்டியது. கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு, ஜிமிக்கியும் சங்கிலியும் தெரிய, கோட்டு இல்லாமல் அந்த மலைமேல் நின்று ஒரு படம். அதைப் பார்த்தாலாவது அம்மா தூங்குவாள்.

பேருந்தில் என் கோட்டுக்குக் கீழே ஜரிகை எட்டிப் பார்த்தது. அதற்குக் கீழே பனி பூட்ஸ். எதிரே இருந்த பெண்மணி மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை பார்த்தாள். நான் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

கரையில் ஆள் உயரத்துக்குப் பாளங்கள். வெட்டுப்பட்ட இடமெல்லாம் நீலம். சின்னத் துண்டுகள் அலையில் உரசிக் கண்ணாடி வளையல் போலக் கிலுங்கின. எனக்குக் காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது. சிரிக்கவே யோசிக்கும் என் இன்ஜினியர் கணவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வெறும் பனியைப் படம் எடுத்துத் தள்ளிவிட்டார். ஆள் இல்லாத படத்தை ஊரில் யார் பார்ப்பார்கள் என்று நான் சண்டை போட்டபோது சுருளில் இரண்டே படங்கள் மிச்சம்.

கோட்டைக் கழற்றிக் கல்மேல் வீசிவிட்டு ஏறினேன். பற்கள் தந்தியடித்தன. பூட்ஸ் தெரியாமல் கொசுவத்தை இழுத்துவிட்டேன்.

"கொஞ்சம் பின்னாடி போ, மலை முழுசா வரல," என்றார் அவர்.

"நான் வந்தா போதும், எடுங்க."

முதல் படத்துக்குக் காற்று முந்தானையைத் தூக்கி முகத்தில் அடித்தது. அடுத்ததற்குள், நாயோடு உலாவ வந்த ஒரு குண்டுப் பெரியவர் எங்களைப் பார்த்துவிட்டார். "மதாம், மதாம்" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். மீதிப் பிரெஞ்சு எனக்குப் புரியவில்லை. எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் "போன்ழூர்" என்று வணக்கம் சொல்லிச் சிரித்து வைத்தேன். அவருக்குப் பயம் அதிகமாகிவிட்டது போல, இன்னும் வேகமாக ஓடி வந்தார். கணவர் அந்த நேரம் பார்த்துப் பித்தானை அழுத்தினார்.

சுருளை அங்கே படம் கழுவித் தரும் மருந்துக் கடையில் கொடுத்து, ஒரு வாரம் கழித்துப் படங்கள் வந்தன. முதலாவதில் மறுபடியும் ஒரு மூட்டை, இந்தத் தடவை அரக்கு நிறத்தில். இரண்டாவதில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் நான். பக்கத்தில், ஒரு கால் தண்ணீரில் இருக்க, என் கோட்டை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு பாய்ந்து வரும் பெரியவர். யாரோ ஒரு ஆம்பிளையோடு நிற்கிறாளே என்று ஊரில் வாய்க்கு வந்தபடி பேசுவார்கள், அனுப்பாதே என்றார் கணவர். எனக்கும் உதறல்தான். ஆனால் என் முகம் தெரிந்தது அது ஒன்றில்தான். கண்ணை மூடிக்கொண்டு தபாலில் போட்டேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது.

"படம் கிடைத்தது. நான் சொன்னதாகச் சொல்லாதே, உன் வீட்டுக்காரருக்குக் கொஞ்சமும் அறிவில்லை. அந்தக் குளிரில் உன்னை நிற்க வைத்து வேடிக்கை பார்த்திருக்கிறார். கோட்டை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறாரே, அந்த மகராசன் யார்? உனக்குக் குளிருமே என்று பதற அங்கேயும் ஒருவர் இருக்கிறார். நேற்று நன்றாகத் தூங்கினேன்."